சிறையிலிருந்து வந்த தம்பி ஊருக்கு நல்லது செய்யத் துடிக்கிறான், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பல்லடம் அருகே வசிக்கிறேன். குடிபோதையில் நடந்த அடிதடியில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் இறந்துபோன வழக்கில், என் தம்பிக்கு 2017-இல் பத்தாண்டு தண்டனை கிடைத்தது. தண்டனைக் குறைப்பு போக, கடந்த தை மாதம் விடுதலையாகி எங்கள் வீட்டில் இருக்கிறான். உள்ளே தையல் கற்றிருக்கிறான். திருப்பூரில் வேலை கேட்கும்போது சிறையில் இருந்ததைச் சொல்வதா, மறைப்பதா? அவனோ, "முதலில் இறந்தவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழ வேண்டும், பள்ளிக்கூடப் பையன்களிடம் பேசி, யாரும் என்னைப் போல் ஆகாமல் தடுக்க வேண்டும்" என்று தவிக்கிறான். என் கணவர், "பேசாமல் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, நான் நன்னடத்தை அலுவலராக 27 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் தம்பியின் தவிப்பு உண்மையானது, அதை மதிக்கிறேன். ஆனால் அவர் போட்டிருக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. வெளியே வந்த முதல் மாதத்திலேயே ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் மனம் உடைந்துபோனார்கள். செய்த நல்லதற்கு ஈடாக ஊர் தங்களை மன்னித்து ஏற்றுக்கொள்ளும் என்ற எண்ணம் அவர்களுக்குள் இருந்தது. ஊர் அவ்வளவு சீக்கிரம் மனம் மாறாது. கோயில் திருவிழாவில் பந்தல் கட்ட முன்னால் நின்றவரை ஒருவர் "நீ ஒதுங்கிக்கொள்" என்று சொன்ன ஒரு சொல்லில், அவர் மறுபடி குடிக்கப் போனார். அந்த ஒரு சொல்லைத் தாங்கும் வலு முதலில் வர வேண்டும். அந்த வலு சம்பளத்திலும் தூக்கத்திலும் தொடங்குகிறது.

தூக்கம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சிறையில் மாலையிலேயே சாப்பாடு முடிந்து அறை பூட்டப்படும். விடியற்காலையில் எழுப்பித் தலை எண்ணுவார்கள். அந்தக் கணக்கு உடம்பில் ஊறிவிடும். உங்கள் தம்பி இரவு சாப்பாட்டுக்கு மறுக்கலாம், விடியுமுன் எழுந்து உட்கார்ந்திருக்கலாம், மூடிய கதவின் முன் யாராவது திறக்கட்டும் என்று நின்றுவிடலாம். இதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ நினைத்துவிடாதீர்கள். கடைக்குப் போய் ஒரு லிட்டர் பால் வாங்கி, கியூஆர் அட்டையில் பணம் செலுத்தி வரச் சொல்லுங்கள். அவர் உள்ளே போனபோது பெட்டிக் கடைகளில் அந்த அட்டை அரிது. இதுபோன்ற சிறு வேலைகளில்தான் தெரு மறுபடி அவருக்குப் பழகும்.

அடுத்தது காகிதங்கள். சிறையில் கொடுத்த விடுதலைச் சான்றுதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். பத்து நகல் எடுத்து வையுங்கள், மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். குடும்ப அட்டையில் பெயர் நீக்கப்பட்டிருந்தால் உங்கள் அட்டையில் சேர்க்க விண்ணப்பியுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6 கொடுங்கள். சிறையில் இருக்கும்போதுதான் வாக்களிக்க முடியாது. வெளியே வந்தவருக்கு அந்த உரிமை திரும்பிவிட்டது. இதைத் தெரியாமலே பல ஆண்டுகள் வாக்குச் சாவடிப் பக்கம் போகாமல் இருந்தவர்கள் உண்டு. தேர்தலில் போட்டியிடுவதுதான் வேறு கதை: இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஆறாண்டு காத்திருக்க வேண்டும். பழைய வங்கிக் கணக்கு இரண்டாண்டு வரவு செலவின்றிக் கிடந்தால் முடக்கப்பட்டிருக்கும். ஆதாரைக் காட்டி மறுபடி இயக்கலாம், பணம் எங்கும் போகாது. ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

இவற்றோடு ஒன்றை அவசியம் விசாரியுங்கள். அவர் பெயரில் வேறு ஏதாவது வழக்கு நிலுவையில் இருக்கிறதா? பழைய சில்லறை வழக்கு ஒன்றில் வாய்தாவுக்கு ஆஜராகாமல் பிடியாணை கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் போலீஸ் வந்து நிற்கும், எல்லாம் போயிற்று. உங்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் பார்த்துச் சொல்வார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண் என்பதால் உங்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு. விடுதலை ஆணையில் நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்பதையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிபந்தனையோடு முன்கூட்டியே விடுவிக்கப்பட்ட ஆயுள் கைதி அதை மீறினால் மீண்டும் உள்ளே போக நேரிடும். உங்கள் தம்பியின் வழக்கு அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை. இருந்தாலும் தாளைப் பார்த்துவிடுவது நல்லது.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். தண்டனை முடிந்து சில ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்தால் பழைய தண்டனையைச் சொல்ல வேண்டாம் என்று விடுவிக்கும் பொதுச் சட்டம் பிரிட்டனில் 1974 முதல் இருக்கிறது. நம் நாட்டில் பெரியவர்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. இளஞ்சிறார்களுக்கும், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடப்பட்டவர்களுக்கும் மட்டுமே அந்த ஏற்பாடு உண்டு. இது பெரிய குறை என்பதே என் கருத்து. ஆனால் சட்டம் மாறும்வரை உங்கள் தம்பி காத்திருக்க முடியாது.

அரசு வேலையென்றால் விண்ணப்பத்தில் கேட்டதற்கு உண்மையை எழுதியே ஆக வேண்டும். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சிறு குற்றங்களை மன்னிக்க வேலை தருபவருக்கு அதிகாரம் உண்டு. அதே சமயம், உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஓர் உயிர் போன வழக்கில் அரசு வேலைக்கு ஆசைப்பட்டுப் பணம் கட்டிப் படிக்க வைக்காதீர்கள் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

தனியார் கம்பெனியில் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. கேட்காவிட்டால் தானாகச் சொல்லச் சட்டம் வற்புறுத்தவில்லை. ஆனாலும் ஒருவரிடம் சொல்லிவிடுவதே நல்லது. முதலாளியிடமோ, ஆள் எடுக்கும் லேபர் காண்டிராக்டரிடமோ சொன்னால் போதும். தளத்தில் இருக்கும் அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பல்லடத்துச் செய்தி திருப்பூருக்குப் போக ஒரு பஸ் போதும். மற்றவர் வாயால் முதலாளி காதுக்குப் போனால், நடந்ததைவிட மறைத்ததுதான் பெரிதாகத் தெரியும். எப்போது சொல்வது? வாசலில் நின்றவுடன் அல்ல. முதலில் மிஷினில் உட்கார்ந்து தைத்துக் காட்டட்டும். பவர் டேபிளில் கை ஓடுவதைப் பார்த்த பிறகு மூன்றே வாக்கியம்: "குடித்துவிட்டுப் போட்ட சண்டையில் ஒருவர் இறந்தார், அதற்குத் தண்டனை அனுபவித்து வந்திருக்கிறேன். இந்த வேலையை உள்ளேதான் கற்றேன். இப்போது குடிப்பதில்லை, அக்கா வீட்டில் இருக்கிறேன்." அதற்கு மேல் விளக்கமும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். இரண்டு மூன்று இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். நான்காவது இடத்தில், "நாளைக்கு வா" என்பார்கள். பீஸ் ரேட் வேலை இவருக்கு நல்ல தொடக்கம். அங்கே கணக்கு, தைத்த உருப்படிக்குத்தான்.

சிறையில் பெற்ற பயிற்சிக்குச் சான்றிதழ் இல்லையென்றால், கண்காணிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். சிறை என்றதும் களியும் கம்பியும்தான் பலருக்கு நினைவு வருகிறது. போலீசாருக்கான பூட்ஸ் வேலூர் மத்தியச் சிறையில் தயாராகிறது, சீருடைத் துணி கோவைச் சிறைத் தறிகளில் ஓடுகிறது. சிறைத்துறையின் பெட்ரோல் பங்க்குகள் 2019 முதல் நடக்கின்றன. புழலில் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க் 2023-இல் திறக்கப்பட்டது. அங்கெல்லாம் வேலை பழகியவர் வெறுங்கையோடு வரவில்லை. சொந்தமாக ஒரு மிஷின் போட நினைத்தால் மாவட்ட நன்னடத்தை அலுவலரைப் பாருங்கள். விடுதலையானவர்களுக்குத் தொழில் தொடங்க உதவுவதற்கென்றே நம் மாநிலத்தில் ஒரு சங்கம் அரசின் துணையோடு இயங்குகிறது. மனுவை அந்த அலுவலர் வழியாகவே கொடுக்கலாம். வங்கியில் பிணையில்லாத முத்ரா கடனும் உண்டு. ஆனால் கடனை இப்போதே வாங்க வேண்டாம். ஓராண்டு சம்பளத்துக்குத் தைத்த பிறகு யோசிக்கலாம்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். ஒழுக்கக் கேடான குற்றத்துக்காக இரண்டாண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றவருக்கு பாஸ்போர்ட் மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அந்தத் தடை, தீர்ப்பு வந்து ஐந்தாண்டுக்குள் விண்ணப்பிப்பவருக்குத்தான். விடுதலையான நாளிலிருந்து அதை எண்ணுவதில்லை. 2017 தீர்ப்பு என்றால் அந்தக் காலம் கடந்துவிட்டது. மேல்முறையீடோ வேறு வழக்கோ நிலுவையில் இருந்தால் மட்டும் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். ஆக, பாஸ்போர்ட் கிடைக்கலாம். ஆனால் வேலை விசாவுக்குப் பல நாடுகள் போலீஸ் நற்சான்று கேட்கும், அங்கே பழைய வழக்கு தெரிந்துவிடும். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்பணம் கேட்கும் ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டாண்டு தனிமையில் இருந்துவிட்டு வந்தவரை முகம் தெரியாத ஊருக்கு உடனே அனுப்புவது உங்கள் வீட்டுச் சங்கடத்தைத் தீர்க்கலாம். அவருக்கு அது மறுபடியும் ஒரு தனிமைதான்.

குடியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். உள்ளே குடிக்காமல் இருந்ததற்குச் சுவரும் ஒரு காரணம். இப்போது சுவர் இல்லை. மது நோயிலிருந்து மீண்டவர்கள் தாங்களே நடத்தும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, முழுப்பெயரும் கேட்பதில்லை. இந்த வாரமே போகச் சொல்லுங்கள். முதல் முறை நீங்களும் வாசல்வரை துணைக்குப் போங்கள்.

இனி அவருடைய இரண்டு ஆசைகள்.

இறந்தவர் வீட்டுக்கு அவர் இப்போது போகக் கூடாது. அந்த வீட்டின் நிலையிலிருந்து பாருங்கள். வாசலில் திடீரென்று அவர் வந்து நின்றால், அந்த அம்மாவுக்கு மகன் விழுந்து கிடந்த இரவுதான் திரும்பி வரும். காலில் விழுவதை அவர்கள் மிரட்டலாகக்கூட எடுத்துக்கொள்ளலாம். விழுந்தவரை எழுப்ப வேண்டிய கடமையையும் நாம் அவர்கள் தலையில் சுமத்துகிறோம். மன்னிப்புக் கேட்கும் உரிமை உங்கள் தம்பிக்கு இருக்கிறது, அதைக் காதில் வாங்க மாட்டோம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. ஆகவே அவர்கள் தரப்பில் மதிக்கப்படும் பெரியவர் ஒருவர் வழியாக ஒரே ஒரு முறை கேளுங்கள்: "அவன் வருந்துகிறான். உங்களைப் பார்க்க நினைக்கிறான். வேண்டாம் என்றால் உங்கள் பக்கமே வர மாட்டான்." பதில் வராவிட்டால் அதுவே பதில். அந்தத் தெருவில் நடப்பதைத் தவிர்த்து, சுற்றிப் போகட்டும். அதுவும் ஒருவகை மன்னிப்புக் கேட்டல்தான். பணம் கொடுத்தனுப்பாதீர்கள், உயிருக்கு விலை பேசுவதாகிவிடும். அவருக்கு ஒன்றை நினைவூட்டுங்கள்: கைதிகளுக்கு நியாயமான கூலி வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்படி நம் சிறைகளிலும் கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. அவர் தைத்த ஒவ்வொரு சட்டையிலும் அந்தப் பங்கு போயிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பேசும் ஆசை நல்ல மனத்திலிருந்து வருவது. ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ராவே சிறையின் ஆயுள் கைதிகள் 1970-களில் இளைஞர்களை உள்ளே அழைத்து, சிறையின் கொடுமையைச் சொல்லிப் பயமுறுத்தித் திருத்தப் பார்த்தார்கள். பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. பின்னாளில் ஆய்வாளர்கள், அப்படிப் போய்வந்த பையன்களையும் போகாத பையன்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போனவர்கள்தான் அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. பதினைந்து வயதுப் பையனுக்குச் சிறைக் கதை சாகசக் கதையாகத்தான் கேட்கும். "உள்ளே யாரைப் பார்த்தீர்கள், அண்ணா?" என்று கண்கள் மின்னக் கேட்பான். மேடையும் மைக்கும் வேண்டாம். படிப்பை விட்டுவிட்டுச் சுற்றும் ஒரு பையனைப் பக்கத்து மிஷினில் உட்கார வைத்து ஓவர்லாக் அடிக்கக் கற்றுக்கொடுக்கட்டும். பையன் கேட்டால், குடித்த அன்றைய இரவைப் பற்றி உண்மையைச் சொல்லட்டும்.

சான்பிரான்சிஸ்கோவில் 1971-இல் தொடங்கிய டெலன்சி ஸ்ட்ரீட் என்ற அமைப்பு இப்படித்தான் நடக்கிறது. சிறையிலிருந்தும் போதையிலிருந்தும் வந்தவர்கள் குறைந்தது இரண்டாண்டு அங்கே தங்கி, உணவகமும் வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் தொழிலும் நடத்துகிறார்கள். முதலில் வந்தவர் கற்றதைப் பின்னால் வந்தவருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அங்குள்ள முறை. தாங்கள் வாழும் பெரிய கட்டடத்தையே அவர்கள் அப்படிக் கற்றுக் கற்றுத் தாங்களே கட்டினார்கள்.

உங்கள் தம்பி யாரைவிடவும் நன்றாகச் செய்யக்கூடிய தொண்டும் இதுவே. சிறையில் இருப்பவரை மனு போட்டுப் பார்க்கப் போகும் குடும்பங்களுக்கு, எந்த அடையாள அட்டை வேண்டும், எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று தெரிவதில்லை. கைக்குழந்தையோடு விடியற்காலையில் வந்து மாலையில் பார்க்காமலே திரும்புகிறார்கள். இன்று விடுதலையாகி வாசலில் நிற்பவருக்கு எந்த பஸ் எங்கே போகிறது என்பதே மறந்திருக்கும். ஓராண்டு போகட்டும். வேலை நிலைத்து, குடி இல்லாமல் ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் கழிந்த பிறகு, நன்னடத்தை அலுவலரிடம் போய், "புதிதாக விடுதலையாகி வருபவருக்குக் காகித வேலைகளில் துணை போக நான் தயார்" என்று அவர் சொல்லட்டும். விடுதலைச் சான்றை நகலெடுப்பது, படிவம் 6 நிரப்புவது, வங்கிக் கணக்கைத் திறப்பது எல்லாம் அதற்குள் அவருக்கு மனப்பாடமாகியிருக்கும். நாளைக் காலையில் நகல் எடுக்கும் கடைக்கு அவரையே அனுப்புங்கள். நீங்கள் போக வேண்டாம்.