ஒரு சொல்லுக்கு 20 பைசா: எழுதலாமா, வேண்டாமா?

கேள்வி: எம்.காம். படித்திருக்கிறேன். திருமணத்துக்கு முன் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது குழந்தைக்கு இரண்டு வயது. வெளியே போக முடியாது. தமிழில் ஓரளவு நன்றாக எழுதுவேன். ஒரு தமிழ் இணையதளம் 800 சொல் கட்டுரைக்குச் சொல்லுக்கு 20 பைசா தருவதாகச் சொல்கிறது. முதல் ஐந்து கட்டுரைகள் ட்ரையலாம், பணம் கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்த இன்னொரு நிறுவனம், 1,999 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டினால் தினமும் 2,000 ரூபாய்க்கு எழுத்து வேலை தருவதாகச் சொல்கிறது. எதில் சேரலாம்? - வாசகி, திண்டுக்கல்.

பதில்: வாட்ஸ்அப் ஆளை முதலில் முடித்துவிடுவோம். வேலை கொடுப்பவர் பணம் தருவார், வாங்க மாட்டார். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, அந்த எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். 1,999 ரூபாயோடு இது முடிவதும் இல்லை. ஓர் ‘அக்ரிமென்ட்’ அனுப்பி ஆன்லைனில் கையெழுத்து வாங்குவார்கள். நீங்கள் கண் எரிய எழுதி அனுப்பியதும், பிழை அதிகம், 90 சதவீதத் துல்லியம் வரவில்லை என்பார்கள். ஒரு வாரம் கழித்து ‘வக்கீல்’ ஒருவர் கூப்பிட்டு, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், இத்தனை ஆயிரம் கட்டாவிட்டால் போலீஸ் வரும் என்று மிரட்டுவார். கட்டுரை சரியில்லை என்பதற்காக யாரையும் கைது செய்ய முடியாது. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்தது 20 பைசா தளம். இது மோசடி என்று சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கைப் பாருங்கள். 800 சொல்லுக்கு 160 ரூபாய். விஷயத்தைத் தேடிப் படிக்க ஒன்றரை மணி நேரம், எழுத இரண்டு மணி நேரம். தலைப்பு, கீவேர்ட் (தேடுபவர்கள் தட்டும் சொல்), படம் எல்லாம் வைத்து வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் ஏற்ற அரை மணி நேரம். ஆக நான்கு மணி நேரம், மணிக்கு 40 ரூபாய். திருத்தச் சொல்லித் திரும்பி வந்தால் இதுவும் குறையும். அதற்கு மேல் ஐந்து கட்டுரை இலவசம் என்றால் 20 மணி நேர உழைப்பு. குழந்தை தூங்கும் நேரத்தில்தான் எழுதுவீர்கள் என்றால் அது கிட்டத்தட்ட இரண்டு வாரம்.

இதில் தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு தனி நஷ்டம் உண்டு. சொல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு ஆங்கிலத்துக்காக வந்தது. தமிழில் உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டே போகும். ‘வீட்டிலிருந்தபடியே’ என்பதை வேர்ட் கோப்பு ஒரு சொல்லாகத்தான் எண்ணும். ஆங்கிலத்தில் 1,000 சொல் பிடிக்கிற விஷயம் தமிழில் பெரும்பாலும் 700 சொல்லுக்குள் அடங்கிவிடும். அதாவது அதே உழைப்புக்கு உங்களுக்கு எண்ணிக்கை குறைவாக வரும். சிலர் இதைச் சமாளிக்க, ‘செய்து கொண்டு இருக்கிறார்’ என்று ஒரு வினையை மூன்றாக உடைத்து எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். எடிட்டர் அதைச் சேர்த்து எழுதிவிட்டால் காசு போச்சு. இந்தக் கண்ணாமூச்சி வேண்டாம். கட்டுரைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுங்கள். மொழிபெயர்ப்பு வேலை என்றால் மூலத்தின் ஆங்கிலச் சொல் எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்? உங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை வையுங்கள். ஆரம்பத்தில் 150 ரூபாய் என்று வைத்தால்கூட நான்கு மணி நேரக் கட்டுரைக்கு 600 ரூபாய். அதற்குக் கீழே எழுதுவதென்றால் வேறு லாபம் ஏதாவது இருக்க வேண்டும்: உங்கள் பெயரோடு வரும், நல்ல எடிட்டர் திருத்திக் கற்றுக்கொடுப்பார், அந்த மாதிரி. இரண்டும் இல்லாத 160 ரூபாய்க்கு எழுதாமலே இருக்கலாம்.

இந்தத் தளங்கள் இவ்வளவு குறைவாகத் தருவதற்குக் காரணம் வெறும் கஞ்சத்தனம் அல்ல. விளம்பரக் காசை நம்பித்தான் நடக்கின்றன. தமிழ்ப் பக்கங்களுக்கு வரும் விளம்பரக் காசு ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு. தளங்களுக்கு விளம்பரம் கொடுத்துக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்ததே 2018-இல்தான். எனவே நிறைய கட்டுரை, குறைந்த செலவு என்று போகிறார்கள். அமெரிக்காவில் டிமாண்ட் மீடியா என்ற நிறுவனம் இதைத்தான் பெரிய அளவில் செய்தது. கட்டுரைக்குச் சுமார் 15 டாலர் கொடுத்து ஆயிரக்கணக்கில் எழுதவைத்து, 2011 ஜனவரியில் பங்குச் சந்தைக்கும் வந்தது. அடுத்த மாதமே கூகுள் ‘பாண்டா’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து இத்தகைய தளங்களைத் தேடலில் பின்னுக்குத் தள்ளியது. யாஹூ 2010-இல் வாங்கிய அசோசியேட்டட் கன்டென்ட் என்ற இதே வகைத் தளம் 2014-இல் மூடப்பட்டது. அதில் எழுதியவர்கள் மாதிரிக்குக் காட்டிக்கொண்டிருந்த லிங்க்குகளும் அதோடு போயின. எங்கே எழுதினாலும் வெளியான அன்றே பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு ‘வெந்தயத்தின் பத்து நன்மைகள்’ வகைக் கட்டுரைகளுக்குக் காசு கொடுக்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போய்விட்டது. அந்தக் கூட்டத்தில் நீங்கள் போய் நிற்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வரிதான் உங்கள் மூலதனம்: நான்கு ஆண்டு ஆடிட்டர் அலுவலகம். கடைக்காரர்கள் என்ன கேள்வி கேட்பார்கள், எந்த நோட்டீஸைப் பார்த்துப் பயப்படுவார்கள், எங்கே தப்பு செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இதைத் தமிழில் புரியும்படி எழுதுபவர்கள் குறைவு.

ஒரு மாதிரி காட்டுகிறேன். பெரும்பாலான தளங்களில் ஜிஎஸ்டி கட்டுரை இப்படித் தொடங்கும்: “இன்றைய நவீன உலகில் ஜிஎஸ்டி என்பது தொழில் செய்யும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய மிக முக்கியமான ஒன்றாகும்.” இந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், இயந்திரமும் எழுதும். நீங்கள் எழுதினால் இப்படி வர வேண்டும்: “வீட்டில் முறுக்கு சுட்டுப் பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறீர்கள். ஜிஎஸ்டி எண் வேண்டுமா? பொருள் மட்டும் விற்பவர் என்றால், தமிழ்நாட்டுக்குள் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக வேண்டாம். ஆனால் பெங்களூரில் இருக்கும் கடைக்கு ஒரு பெட்டி விற்றால் கதை வேறு. வெளிமாநில விற்பனைக்குத் தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கேட்பார்கள்.” இதே மாதிரி, விற்பனையே இல்லாத மாதத்துக்கும் நில் ரிட்டர்ன் போடாமல் விட்டால் நாளுக்கு 20 ரூபாய் லேட் ஃபீ ஏறும் என்பது கடை மூடிய எத்தனையோ பேருக்குத் தெரியாது. அது ஒரு கட்டுரை. நம்மிடம் பிடித்த வரி (டிடிஎஸ்) வருமான வரித் துறைக் கணக்கில் காட்டவில்லை என்றால் யாரிடம் போவது என்பது இன்னொன்று.

இப்படி மூன்று கட்டுரைகளை எழுதி முடியுங்கள். யாருக்கும் அனுப்பாமல், உங்கள் பெயரில் ஓர் இலவச வலைப்பூவில் போடுங்கள். ட்ரையல் கேட்பவர்களுக்கு அந்த லிங்க்தான் பதில். பிறகு மூன்று பக்கம் கதவைத் தட்டலாம்: நாளிதழ்களின் வணிகப் பக்கங்களும் பண விஷயங்களுக்கென்றே வரும் இதழ்களும், காப்பீடு, வங்கி, கணக்கு மென்பொருள் நிறுவனங்களுக்குத் தமிழில் எழுதிக்கொடுக்கும் ஏஜென்சிகள், உள்ளூர் ஆடிட்டர்கள். கடைசியாகச் சொன்னதை லேசாக நினைக்க வேண்டாம். பழைய முதலாளியிடம், வாடிக்கையாளர்களுக்கு மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். என் கணிப்பில் உங்கள் முதல் நியாயமான காசு அங்கிருந்துதான் வரும்.

ஆன்லைனில் ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களில் போட்டி கடுமை. ஃபைவர் உங்கள் சம்பாத்தியத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். கணக்கு ஆரம்பித்து வையுங்கள், அதையே நம்பி உட்கார வேண்டாம். சொந்தத் தளத்தில் ஆட்சென்ஸ் போட்டால் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். தமிழில் அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. பிரதிலிபி கதை எழுதுபவர்களுக்கான இடம்.

உரிமை விஷயம் ஒன்று. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சம்பள ஊழியராக இல்லாதவரை, எழுதியது உங்களுடையது. எழுத்தில், கையெழுத்தோடு கொடுத்தால்தான் உரிமை அடுத்தவருக்குப் போகும். கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான். ஆகவே ‘எல்லா உரிமையும் நிரந்தரமாக’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்கும் சேர்த்து விலை கேளுங்கள். பெயர் போட மாட்டோம் என்றாலும் அப்படியே. ஏஐ வைத்து எழுதினீர்களா என்று சந்தேகப்படும் எடிட்டர்களும் இப்போது உண்டு. அந்தச் சோதனைக் கருவிகள் நம்பகமானவை அல்ல. கூகுள் டாக்ஸில் எழுதினால் திருத்த வரலாறு தானே பதிவாகும். சண்டை வந்தால் அதைக் காட்டலாம்.

பணம் வராமல் இழுத்தடிப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய தலைவலி. முதல் கட்டுரைக்குப் பணம் வராமல் மூன்றாவதை அனுப்பாதீர்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள், ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் இல்லை. பதிவு இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் எழுதி வாங்கிய நிறுவனம் பணம் தர வேண்டும். தாமதித்து, நிதியாண்டு முடிவதற்குள்ளும் தராவிட்டால், அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வரிக் கழிவு எடுக்க முடியாது என்று 2023 பட்ஜெட்டில் ஒரு விதி வந்தது. உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒழுங்காகக் கணக்கு எழுதும் நிறுவனத்தின் அக்கவுன்டன்டுக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டால் போதும், வேலை நடக்கும். 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துத் தந்தால் பயப்பட வேண்டாம், வருமானம் குறைவு என்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் பேபால் உதவும். உள்நாட்டுப் பணத்துக்கு அது 2021 ஏப்ரலிலிருந்து கிடையாது.

அந்த 20 பைசா தளத்துக்கு இப்படி எழுதிப் போடுங்கள்: “வணக்கம். வரி, ஜிஎஸ்டி பற்றி நான் எழுதிய மூன்று கட்டுரைகளின் லிங்க் கீழே இருக்கிறது, இவற்றையே மாதிரியாகக் கொள்ளலாம். தனியாக ட்ரையல் வேண்டுமென்றால் ஒரு கட்டுரை எழுதித் தருகிறேன். வெளியிட்டால் அதற்கும் பணம் தர வேண்டும், வெளியிடாவிட்டால் உரிமை என்னுடையது. கட்டுரைக்கு 600 ரூபாய், என் பெயரோடு, வெளியான 15 நாளில்.” ஒரு வாரம் பாருங்கள். 400 என்று பேரம் பேசினால், பெயரும் போடுவார்கள் என்றால், ஒரு மாதம் எழுதிப் பார்க்கலாம். பதிலே இல்லையென்றால் விட்டுவிட்டு ஆடிட்டருக்குப் போன் போடுங்கள்.