ஐந்து குண்டில் தெரியாது: துப்பாக்கிப் பயிற்சி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. புது வெடிமருந்து, புது பெல்லட், புது லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) தோட்டா என்று எதையோ வாங்கியாயிற்று. பழையதைவிட அது தேவலையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ராணுவத்தில் பல வருடம் ரைஃபிளோடு இருந்தவன், இப்போது வேலூரில் பிள்ளைகளுக்குக் குறி பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஒரு அன்பர்: சொந்த ஊர் வாணியம்பாடி, இப்போது இருப்பது டெக்சாஸ். .308 ரைஃபிளுக்கு நானே தோட்டா நிரப்புகிறேன். வழக்கமாகப் போடும் வார்கெட் என்ற மருந்து கடையில் இல்லாததால் வேறொரு மருந்து வாங்கினேன். எரிவேகப் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன, அதே எடையைப் போடு என்கிறார் நண்பர். போடலாமா?

போடாதீர்கள் தம்பி. நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் இந்த யோசனை கையையும் கண்ணையும் கேட்கும்.

எரிவேகப் பட்டியல் என்பது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உயரப்படி நிறுத்துவது மாதிரி. யார் முன்னால், யார் பின்னால் என்பது தெரியும். இரண்டு பேருக்கும் நடுவே அரை விரல் வித்தியாசமா, அரை முழம் வித்தியாசமா என்பது தெரியாது. போதாததற்கு, கேஸும் (மருந்தை அடைக்கும் பித்தளைக் கூடு) குண்டின் எடையும் மாறினால் அந்த வரிசையே இடம் மாறும். ஆகவே ஒரு மருந்தின் எடையை இன்னொன்றுக்கு எடுத்துப் போடவே கூடாது.

புது மருந்தைத் தயாரித்த கம்பெனி வெளியிட்டிருக்கும் அளவுப் பட்டியலை எடுங்கள். உங்கள் குண்டின் எடைக்கு ஆரம்ப அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். எந்தக் கேஸ், எந்தப் பிரைமர் (கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), தோட்டாவின் மொத்த நீளம் என்ன என்பதும் இருக்கும். அவற்றையும் அப்படியே பின்பற்றுங்கள். ஆரம்ப அளவில் தொடங்கி, சிறு சிறு படியாக ஏறுங்கள். "இன்னும் குறைத்துப் போட்டால் இன்னும் பாதுகாப்பு" என்று நினைத்து ஆரம்ப அளவுக்குக் கீழே இறங்கவும் வேண்டாம். மெதுவாக எரியும் மருந்தைக் கேஸில் அரைகுறையாகப் போட்டால் அது தாறுமாறாக எரியலாம்.

ஒவ்வொரு படியிலும் போல்ட்டைத் தூக்கும்போது கை என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறதா? பிரைமரின் வளைந்த ஓரம் சப்பையாகிக் குழிக்குள் பரவியிருக்கிறதா? கேஸின் அடியில் எஜெக்டர் (காலிக் கேஸை வெளியே தள்ளும் முள்) அழுத்திய பளபளப்பான வட்டம் தெரிகிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய வேலை முடிந்தது. அதற்கு மேலே நிரப்பிவைத்த தோட்டாக்களைச் சுடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவிடுங்கள்.

இந்த அடையாளங்கள் வருவதே தாமதமாகத்தான். அழுத்தம் எல்லையைத் தாண்டிய பிறகும் பிரைமர் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி அதைவிட நேர்மையான சாட்சி. பட்டியலின் உச்ச அளவுக்குச் சொல்லியிருக்கும் வேகம், அதே நீளமுள்ள குழலில், அதைவிடக் குறைந்த அளவிலேயே உங்களுக்கு வந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். வேகம் சும்மா வராது, அழுத்தம்தான் அதைக் கொடுத்திருக்கிறது. நிறுத்துங்கள்.

இன்னொன்று. நிரப்பும் மேஜையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டி மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். பெயர் எழுதாத பாட்டிலில் மிச்சம் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: கிளப்பில் .22 ரைஃபிளில் 50 மீட்டர் சுடுகிறேன். புது லாட் தோட்டாவில் ஐந்து போட்டேன், ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்தில் மறைந்துவிடும். பழைய லாட்டில் இப்படி வந்ததே இல்லை. மொத்தமாக வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். என்னிடம் பயிலும் காட்பாடிப் பையன் ஒருவனுக்கும் இதே ஆசை இருந்தது. அவனுக்குத் தெரியாமல் ஒரு டப்பா பெல்லட்டை இரண்டு மூடிகளில் கொட்டினேன். ஒரு மூடியில் சிவப்புப் புள்ளி, இன்னொன்றில் நீலப் புள்ளி. இரண்டு கம்பெனி, எது நல்லது பார் என்றேன். ஐந்து ஐந்தாகச் சுட்டுவிட்டு அட்டையோடு ஓடி வந்தான். "நீலம்தான் சார், சந்தேகமே இல்லை!" காலி டப்பாவைக் காட்டியதும் அவன் முகம் தொங்கிவிட்டது. மிச்சத்தையும் சுடச் சொல்லி, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அட்டை அட்டையாக வந்தது. துவரம்பருப்பு அளவுக்கு ஒரு குரூப் (சுட்ட ஐந்தும் பரவி விழுந்த இடம்), அடுத்தது புளியங்கொட்டை அளவுக்கு. அதே டப்பா, அதே ரைஃபிள், அதே பையன்.

அவன் பொய் சொல்லவில்லை. ஐந்து என்பது அவ்வளவு சின்ன எண்ணிக்கை, அவ்வளவுதான். நல்ல குரூப் ஒன்று வந்தால் நாம் அதை அட்டையோடு பர்ஸில் வைத்துக்கொள்கிறோம், மோசமானதைக் காற்றின் மேல் போட்டுவிடுகிறோம். நான் ராணுவத்தில் இருந்தபோதே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன், அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே லாட்டுக்கு 40 தோட்டாவாவது ஒதுக்குங்கள். முதலில் பழையது முழுவதையும், பிறகு புதியது முழுவதையும் என்று சுடாதீர்கள். காலையில் காற்று இருக்காது, பத்து மணிக்கு மேல் அடிக்கும். உங்களுக்கும் தோள் சோர்ந்துவிடும். அதனால் பழையது பத்து, புதியது பத்து, மறுபடி பழையது பத்து என்று மாற்றி மாற்றிச் சுட்டால் வெயிலும் காற்றும் களைப்பும் இரண்டுக்கும் சமமாகப் பங்காகிவிடும். முடிந்தால் எது எந்த லாட் என்று உங்களுக்கே தெரியாமல் நண்பர் எடுத்துக் கொடுக்கட்டும். லாட் மாறும்போது முதலில் கரையில் போடும் குண்டுகளைத் தவிர (கடைசிப் பதிலில் சொல்கிறேன்), அட்டைக்குப் போட்ட குண்டு எங்கே பட்டாலும் எண்ணுங்கள். "இது என் தவறு" என்று தள்ளுவதாக இருந்தால், அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே, டிரிகர் விழுந்த அந்த நொடியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

50 மீட்டர் அட்டையில் பத்தாம் வளையம் 10.4 மில்லிமீட்டர்தான். அதற்குள் எத்தனை விழுந்தது என்ற கணக்கு, "நாணயத்தில் மறைகிறது" என்பதைவிட உங்களுக்கு உதவும்.

மறுபடியும் வாணியம்பாடி-டெக்சாஸ் அன்பர்: வேகமானியில் ஐந்து ரவுண்டுக்குத் திட்டவிலக்கம் விநாடிக்கு 3 மீட்டர் காட்டியது. 100 மீட்டரில் குரூப் சுமார்தான். எதை நம்புவது?

இப்போதைக்கு இரண்டையுமே நம்ப வேண்டாம். ஐந்து ரவுண்டில் 3 என்று வந்தால், உண்மையான மதிப்பு ஏறக்குறைய 1.8 முதல் 8.6 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இது சாதாரணப் புள்ளியியல் கணக்கு, 95 சதவீத உறுதிக்குப் போட்டது. அதே 3 இருபது ரவுண்டில் வந்தால் 2.3 முதல் 4.4 வரை என்று சுருங்கும். இரண்டு மருந்தை ஒப்பிட இருபதாவது வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேகம் சீராக இருப்பது 100 மீட்டரில் தெரியாது. .308-ல் வழக்கமான போட்டிக் குண்டை எடுத்துக்கொண்டால், விநாடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் 100 மீட்டரில் 2 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மேலும் கீழுமாக நகர்த்தும். 600 மீட்டரில் அதுவே ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஆகிவிடும். நீங்கள் எவ்வளவு தூரத்தில் போட்டி போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. 300 மீட்டருக்குள் என்றால் அட்டையை நம்புங்கள், வேகமானியைப் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே என்றால் இரண்டும் வேண்டும், கடைசித் தீர்ப்பு அந்தத் தூரத்திலேயே சுட்டுப் பார்த்துத்தான்.

குண்டைக் கேஸில் இறக்கும் ஆழம், பிரைமர், கேஸ் கழுத்தின் இறுக்கம் என்று மற்ற எதையும் இந்தச் சோதனை முடியும் வரை தொடாதீர்கள். மருந்து ஒன்றுதான் மாற வேண்டும்.

கம்மவான்பேட்டையிலிருந்து ஒரு முன்னாள் ராணுவ வீரர்: மார்கழியில் ஜீரோ செய்த (குறியைச் சரிசெய்து வைத்த) .22 சித்திரையில் மேலே அடிக்கிறது. தோட்டாவில் கோளாறா, என் கண்ணிலா?

அண்ணே, கண்ணில் இல்லை. நம் ஊர் வெயில்தான். மார்கழி விடியலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுட்டிருப்பீர்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மருந்து சூடானால் வேகமாக எரியும், குண்டின் வேகம் கூடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் குண்டைப் பிடித்து இழுப்பதும் குறையும். இரண்டும் சேர்ந்து மேலே தள்ளுகின்றன.

.22 போட்டித் தோட்டாவை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வேண்டுமென்றேதான் செய்கிறார்கள். ஒலி வேகத்தைத் தாண்டிவிட்டு, போகும் வழியில் மறுபடி கீழே இறங்கும் குண்டு தள்ளாடும். வெயிலில் ஒலியின் வேகமும் கூடுகிறது (15 டிகிரியில் விநாடிக்கு 340 மீட்டர், 40 டிகிரியில் 355 மீட்டர்), அதனால் அந்தத் தொல்லை உங்களுக்கு வராது. உயரத்தை மட்டும் திருத்திக்கொண்டால் போதும். சித்திரைக்கு ஒரு ஜீரோ, மார்கழிக்கு ஒரு ஜீரோ என்று குறித்து வையுங்கள்.

தோட்டாப் பெட்டியை வண்டி டிக்கியில் வைக்காதீர்கள். ரேஞ்சிலும் நிழலில், ஒரு துண்டு போட்டு மூடி வையுங்கள். சுட்டுச் சுட்டுச் சூடான குழலில் தோட்டாவை ஏற்றிவிட்டு நிதானமாகக் காற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதும் தப்பு, அந்த ஒரு ரவுண்டு மட்டும் தனியாக மேலே போகும்.

டெக்சாஸ் தம்பியும் இதைப் படிக்க வேண்டும். அங்கேயும் கோடை நம் ஊருக்குக் குறைந்ததில்லை. குளிர்காலத்தில் உச்ச அளவு வரை ஏற்றிப் "பரவாயில்லை" என்று முடிவு செய்த மருந்து, கோடை மதியத்தில் எல்லையைத் தாண்டும். சில மருந்துகள் வெப்பத்துக்கு அதிகம் அசையாதபடி தயாரிக்கப்படுகின்றன. நீங்கள் இத்தனை நாள் போட்ட வார்கெட் அந்த வகை. புதியது அப்படி இல்லாமல் இருக்கலாம். நல்ல வெயிலில் சோதித்துப் பார்க்காமல் அளவை முடிவு செய்யாதீர்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு இளைஞர்: வீட்டிலேயே மருந்து தயாரித்துத் தோட்டா நிரப்பிப் பழகலாமா? தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர், பொருள் கிடைக்கும்.

வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி கடுமையான குற்றம், சிறை நிச்சயம். அதைவிடப் பெரிய காரணம் உங்கள் உயிர். ரைஃபிள் மருந்து இவ்வளவு நேரத்தில் இவ்வளவு அழுத்தம் என்று கணக்காக எரியும்படி தொழிற்சாலையில் செய்யப்படுவது. தீக்குச்சி மருந்துக்கும் பட்டாசு மருந்துக்கும் அந்தக் கணக்கே கிடையாது. அரைக்கும்போதே வெடித்துவிடும். குறி பார்க்க ஆசை என்றால் 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளில் தொடங்குங்கள். பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டதற்கு உரிமம் தேவையில்லை. அதில் கற்றுக்கொள்ள வேண்டியதே பல வருடத்துக்கு இருக்கிறது.

காட்பாடியிலிருந்து ஒரு அம்மா: துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனைப் பார்த்து மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சேர்ந்தாள். 4.49, 4.50, 4.51 என்று மூன்று அளவில் பெல்லட் இருக்கிறதாம், விலை உயர்ந்ததைச் சோதித்து வாங்கச் சொல்கிறார்கள். அவசியமா?

அம்மா, இப்போது அவசியமில்லை. அந்த எண்கள் பெல்லட்டின் தலை விட்டம். ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பொருந்தும் என்பது உண்மை. அட்டையின் நடுவில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர்தான், அதனால் பெரிய போட்டிக்குப் போகிறவர்கள் ரைஃபிளை இடுக்கியில் பூட்டி ஒவ்வொரு லாட்டையும் சுட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் பாப்பா எட்டிலும் ஒன்பதிலும் போடும் காலத்தில் அந்த வித்தியாசம் அவள் கையின் ஆட்டத்துக்குள் மறைந்துவிடும். ஏதாவது ஒரு நல்ல பெல்லட், எப்போதும் அதுவே. அந்தப் பணத்தில் அவளுக்குச் சரியான அளவில் ஜாக்கெட்டும் ஷூவும் வாங்குங்கள். வளரும் பிள்ளை, இரண்டும் சீக்கிரம் சிறுத்துப்போகும்.

ஆற்காட்டிலிருந்து: லாட் மாற்றும்போது குழலைச் சுத்தம் செய்ய வேண்டுமா?

.22 என்றால், ஒரு லாட்டின் மெழுகுப்பூச்சு குழலில் இருக்கும்போது இன்னொன்றைச் சுட்டால் முதல் சில குண்டுகள் எங்கெங்கோ போகும். ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவ வேண்டாம். புது லாட்டில் பத்து குண்டை அட்டைக்குப் பின்னால் இருக்கும் மண் கரையில் போட்டுவிட்டு அப்புறம் அட்டைக்குத் திருப்புங்கள். அந்தப் பத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.