சுண்ணாம்புத் தொட்டியும் கருவிழியும்

வணக்கம் ஐயா. ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் வேலை செய்த என் மாமாவுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்து வலது கண் வெளுத்துவிட்டது. ஆய்வகத்தில் திசு வளர்க்கிறார்களாமே, இந்தியாவில் அது எந்த அளவில் இருக்கிறது? சிறுநீரகம்கூடக் கிடைக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
– ஆம்பூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிறுநீரகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே மட்டுமல்ல, உலகில் எங்கேயும் அது கிடைக்காது. ரத்தக்குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே செல்லுக்குப் பிராணவாயு எட்டுவது கடினம். தடித்த உறுப்புக்குள் அத்தனை நுண்குழாய்களை ஓடவிடும் வித்தை யாருக்கும் கைவரவில்லை. குழாயே இல்லாத இடங்களில்தான் இந்தத் துறை முந்துகிறது: குருத்தெலும்பு, கருவிழி.

கருவிழியின் ஓரத்தில் இருக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது புதுச் செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்கள்தான் அதன் மேற்பரப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. சுண்ணாம்பு அவற்றைச் சுட்டுவிட்டால் வெள்ளைவிழியின் சவ்வு உள்ளே படர்ந்து மூடிவிடும். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தில் 2001 முதல் நல்ல கண்ணின் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்தினார்கள். 2012இல் டாக்டர் விரேந்தர் சங்வான் குழு வெளியிட்ட முறையில் ஆய்வகமே கிடையாது. நல்ல கண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் துணுக்கு. அதை எட்டுப் பத்தாக நறுக்கி, பழுதான கண்ணில் விரித்த பனிக்குடச் சவ்வின்மேல் (கருவில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு) நாற்று நடுவதுபோல வைக்கிறார்கள். வளர்வது கண்ணிலேயே. என்னைக் கேட்டால் இந்தியர்கள் இந்தத் துறையில் செய்த ஆகப் பெரிய காரியம் இதுதான், செலவு பிடித்த ஆய்வகத்தை விலக்கியது.

இன்னொன்று மாமாவுக்குச் சிரிப்பு மூட்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தார் பன்றியின் பித்தப்பையில் செல்களைக் கழித்து, மிஞ்சும் கொலாஜன் என்ற புரத இழைகளின் வலையைப் புண்ணுக்குப் போர்வையாக்கியிருக்கிறார்கள். முடியையும் சதையையும் கழித்துக் கொலாஜனை மிச்சம் வைப்பது தோல்காரர்களின் பழைய தொழில்தானே! ஆனால் ஆவாரம்பட்டையோ குரோமோ போட்டு அதை அழுகாமல் ஆக்குவது அவர்கள் வேலை. இங்கே அது உடம்பில் மெல்லக் கரைய வேண்டும்.

மாமாவின் இடது கண்ணைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே. அது நன்றாக இருந்தால் துணுக்கு அங்கிருந்தே கிடைக்கும். இல்லையென்றால் உறவினர் யாராவது தரலாம், ஆனால் உடல் அதைத் தள்ளிவிடாதிருக்க மருந்தும் தொடர வேண்டும். வடு ஆழமாக இறங்கியிருந்தால் தானமாகக் கிடைக்கும் கருவிழியும் தேவைப்படலாம். வேலூர் ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே காட்டுங்கள். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களுக்கு மட்டும் போகாதீர்கள். அந்த ஊசி இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது, ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.