நேபாளத்தின் ராமேச்சாப்பிலிருந்து, எவரெஸ்ட் மலையேற்றம் தொடங்கும் லுக்லாவுக்கு எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

நேர்கோட்டில் 75 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. விமானம் கிளம்பிவிட்டால் 15 முதல் 20 நிமிடத்தில் இறங்கிவிடலாம். ஆனால் தயவுசெய்து இந்தக் கணக்கை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். காத்மாண்டுவில் விடுதியை விட்டுக் கிளம்பி லுக்லாவில் கால் வைக்கக் குறைந்தது அரை நாள் ஆகும். வானிலை கெட்டால் இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நான் போய்வந்த வழி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காத்மாண்டுவிலிருந்தே லுக்லாவுக்கு விமானம் உண்டு. சுமார் 135 கி.மீ., அரை மணி நேரப் பயணம். ஆனால் காத்மாண்டு விமான நிலையத்தில் இருப்பது ஒரே ஓடுபாதை. அந்த நெரிசலால், 2019 முதல் மலையேற்ற சீசன் மாதங்களில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்துதான் கிளம்புகின்றன. காத்மாண்டுவிலிருந்து மந்தலிக்கு மலைச்சாலையில் சுமார் 130 கி.மீ., நான்கைந்து மணி நேரம். அதிகாலை விமானம் என்றால் நள்ளிரவு தாண்டியதுமே ஜீப்பில் ஏறியாக வேண்டும். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் மந்தலிக்குப் போகும் பி.பி. நெடுஞ்சாலை பல இடங்களில் அடித்துக்கொண்டு போய்விட்டது. கிளம்பும் முன் சாலை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், நேபாள நேரம் நம்மைவிடக் கால் மணி நேரம் முன்னால். கைக்கடிகாரத்தை மாற்றிவிடுங்கள்.

ஏன் அதிகாலை? லுக்லா ஓடுபாதையின் நீளம் வெறும் 527 மீட்டர். ஒரு முனையில் பள்ளத்தாக்கு, மறுமுனையில் மதிலும் மலையும். நடுவில் கிட்டத்தட்ட 12 சதவீதச் சரிவு. மேட்டைப் பார்த்துத்தான் இறங்குவார்கள், பள்ளத்தைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். கடைசி நேரத்தில் மேலே எழும்பி இன்னொரு சுற்று வர வழியில்லை. விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துத்தான் இறக்குவார். அதனால் மேகம் மூடினால் அவ்வளவுதான். வானம் தெளிவாகவே இருந்தாலும் பகல் ஏற ஏறக் காற்று வலுத்துவிடும்.

மந்தலியில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "லுக்லா திறந்துவிட்டதா?" கைப்பையைக்கூடத் தராசில் வைக்கச் சொல்வார்கள். பெரிய பை 10 கிலோ, கைப்பை 5 கிலோ என்பதுதான் பொதுவான வரம்பு. விமானத்தில் இருபது பேருக்குள்தான் இடம். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், பனிமலைகள் அந்தப் பக்கம்தான். நான் போன விமானத்தில் விமானிகளின் தோளுக்கு மேலாக முன்கண்ணாடி தெரிந்தது. கடைசி நிமிடத்தில் அந்தக் கண்ணாடி முழுக்க மலைதான். நடுவே ஒட்டவைத்த பிளாஸ்திரி போல ஓடுபாதை. சக்கரம் தொட்டதும் உடம்பு முன்னால் தள்ளுகிறது, மேட்டிலேயே வேகம் அடங்கிவிடுகிறது.

இன்னொரு விஷயம் உயரம். மந்தலி 500 மீட்டருக்கும் கீழே, லுக்லா 2,845 மீட்டர். இருபது நிமிடத்தில் இவ்வளவு ஏறுவதால் இறங்கிய அன்று அவசரப்பட்டு நடக்காதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

திரும்பும்போதும் இதே கதைதான். லுக்லாவிலிருந்து கிளம்பும் நாளுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவே இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். விமானம் ரத்தாகி அவசரமும் இருந்தால் ஹெலிகாப்டர் கிடைக்கும், செலவு அதிகம். மேகம் மூடியிருந்தால் அதுவும் பறக்காது.