ஸ்பெயினுக்கு எந்த மாதம் வரலாம்? – வாசகர் கேள்விகளுக்கு வலென்சியாவிலிருந்து பதில்கள்

கே: ஸ்பெயினில் வருஷம் பூரா திருவிழா என்கிறார்கள். எங்களுக்கு ஒரே ஒரு முறைதான் வர வாய்க்கும். எந்த மாதம் வரலாம்? (வாசகி, மதுரை)

ப: மார்ச்சில் வாருங்கள். 15 முதல் 19 வரை எங்கள் வலென்சியாவில் ஃபாயாஸ் திருவிழா. மரச்சட்டம், அட்டை, தெர்மாகோல் கொண்டு செய்த பொம்மைக் கோபுரங்கள் முச்சந்திக்கு முச்சந்தி எழும்பி நிற்கும். பெரியவை நாலைந்து மாடி உயரம். அமைச்சர், கால்பந்து வீரர், வீட்டு வாடகை என்று அந்த வருஷம் ஊர் பேசிய அத்தனையும் கேலிப் பொம்மையாக அதில் ஏறியிருக்கும்.

கொஞ்சம் முன்கூட்டியே வந்தால் இன்னும் நல்லது. மார்ச் 1 முதலே தினமும் பிற்பகல் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் மஸ்க்ளெதா வெடி. பட்டப்பகலில் என்ன வாணவேடிக்கை என்று நினைக்காதீர்கள். இது காதால் கேட்பதற்கானது. மாடத்தில் நிற்கும் அந்த வருஷத்துத் திருவிழா அரசி, "வெடிக்கலைஞரே, மஸ்க்ளெதாவைத் தொடங்கலாம்" என்று சொல்வாள். முதலில் தாளம் போட்டாற்போல இடைவெளி விட்டு வெடிக்கும். போகப் போக இடைவெளி சுருங்கும். முடியும் தறுவாயில் சத்தம் காலடித் தரையிலிருந்து நெஞ்சுக்கு ஏறும். அந்த நேரம் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், காது அடைக்காது. புகை அடங்குவதற்குள் கைதட்டல். அப்புறம் என் பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள், நேற்றைய வெடியில் தாளம் எங்கே தளர்ந்தது, இன்றைக்கு எங்கே நன்றாகக் கூடியது என்று சபா வாசல் போல விவாதிப்பார்கள். எனக்கு அந்த விவாதம் ரொம்பப் பிடிக்கும்.

கே: ஒரு வருஷ உழைப்பை ஒரே ராத்திரியில் கொளுத்திவிடுவார்களாமே. மனசு வலிக்காதா? (வாசகர், ஈரோடு)

ப: வலிக்கும். 19-ம் தேதி இரவு 8 மணிக்குக் குழந்தைகளுக்கான சிறிய பொம்மைகள், 10 மணிக்குப் பெரியவை எரியும். பட்டுப் பாவாடையும் கொண்டையில் பித்தளைச் சீப்புமாக நிற்கும் பெண், திரியைப் பற்ற வைத்துவிட்டு அழுவாள். சுற்றி நிற்பவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தீயணைப்பு வீரர்கள் வீட்டுச் சுவர்கள் மேல் விடாமல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருப்பார்கள். மக்கள் வாக்களித்துக் காப்பாற்றும் பொம்மை மட்டும் தப்பும். 1934-ல் தொடங்கிய வழக்கம் இது. அப்படித் தப்பியவற்றை இங்கே அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

இதற்குப் பின்னால் இருப்பது தெருச் சங்கங்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் மாதச் சந்தா, ஒரு கூடம், வருஷம் முழுக்க விருந்து, நாடகம், சீட்டாட்டம். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியாவைச் சுற்றிய ஊர்களை வெள்ளம் சூறையாடியபோது, இந்தக் கூடங்கள் பலவற்றில்தான் தண்ணீர் பாட்டிலும் துடைப்பமும் துணியும் குவிந்தன. திருவிழாவை எதற்கு இத்தனை சிரத்தையாக நடத்துகிறார்கள் என்று யாராவது கேட்டால், நான் அந்த நாட்களைத்தான் சொல்வேன்.

கே: தக்காளித் திருவிழாவும் காளை ஓட்டமும் பார்க்க வேண்டாமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

ப: தக்காளி அடிப்பது புன்யோல் என்ற சின்ன ஊரில், ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை, ஒரு மணி நேரம். 2013 முதல் டிக்கெட் உண்டு. பழத்தைக் கையில் நசுக்கிவிட்டுத்தான் எறிய வேண்டும். சந்தையில் விலைபோகாத தக்காளி என்கிறார்கள். ஆனாலும் உணவுப் பொருளை அப்படிக் கொட்டுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஜூலையில் பாம்ப்லோனா: காலை 8 மணிக்குக் காளைகளோடு 800 மீட்டருக்கு மேல் ஓட்டம். காலையில் ஓடிய காளைகளை மாலையில் அரங்கில் கொன்றுவிடுவார்கள். அதனால் நான் போவதில்லை, யாரையும் போகச் சொல்வதும் இல்லை.

கே: கிறிஸ்துமஸ் எப்படி? (வாசகி, நாகர்கோவில்)

ப: டிசம்பர் 22 காலை லாட்டரியில் தொடங்கும். மாட்ரிட்டின் சான் இல்தெஃபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் எண்களையும் பரிசுத் தொகையையும் பாடியே அறிவிப்பார்கள். டீக்கடை, ஆபீஸ், ஆஸ்பத்திரி எங்கும் அந்த ராகம்தான். ஒரு சீட்டு 20 யூரோ. ஒரே எண்ணை அலுவலகத்திலும் தெருவிலும் பங்கு போட்டு வாங்குவது வழக்கம். 2011-ல் சொதேத்தோ என்ற குக்கிராமத்தில் இல்லத்தரசிகள் சங்கம் விற்ற எண்ணுக்கு முதல் பரிசு விழுந்து, ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் பணம் வந்தது.

31-ம் தேதி நள்ளிரவு, 12 மணியோசைக்கு 12 திராட்சை. மாட்ரிட் கடிகாரம் முதலில் கால்மணி ஓசைகளை அடிக்கும். அதற்கே வாயில் போட்டுவிடாதீர்கள். விதையில்லாத சின்னப் பழமாகப் பார்த்து எடுங்கள். பரிசுக்குக் குழந்தைகள் ஜனவரி 6 வரை காத்திருப்பார்கள். முந்தின நாள் மாலை, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் ஊர்வலத்தில் மிட்டாய் வாரி இறைப்பார்கள். பை கொண்டு போங்கள்.

கே: அப்பா, அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார்கள். திருவிழாவில் என்ன சாப்பிடுவது? (வாசகர், கும்பகோணம்)

ப: மார்ச் மாதம் தெருவோரங்களில் பூசணிக்காய் புன்யுவேலோ பொரிப்பார்கள். வேகவைத்து மசித்த பூசணி, மைதா, ஈஸ்ட். மாவைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் துளை போட்டு எண்ணெயில் விடுவார்கள், மேலே சர்க்கரை. சிலர் முட்டை சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள். கெட்டியான சாக்லேட் பானத்தில் தோய்த்துச் சாப்பிட வேண்டும், சூடாக. பயேயா என்ற எங்கள் ஊர்ச் சோற்றில் கோழியும் முயலும் இருக்கும். காய்கறி மட்டும் போட்டது கேட்டால் கிடைக்கும், ஆனால் எந்தக் குழம்புநீரில் வேகவைத்தது என்று விசாரித்த பிறகு தட்டை வாங்குங்கள்.