1789-இன் உரிமைப் பிரகடனமும் ஹைட்டியின் அடிமைகளும்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். மாண்டெஸ்கியூ, வால்டேர், ரூசோ எழுதினார்கள், அதனால் பிரெஞ்சுப் புரட்சி வந்தது, மனித உரிமைகள் கிடைத்தன என்றுதான் வருடா வருடம் நடத்துகிறேன். போன வாரம் சக ஆசிரியர் ஒருவர், எல்லாமே ஏமாற்று, சுதந்திரத்தைப் பற்றி எழுதிய ஜான் லாக்கே அடிமை வியாபாரத்தில் பணம் போட்டவர்தானே என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகளிடம் எதைச் சொல்வது?

ச.

அன்புள்ள ச.,

லாக் பற்றி அவர் சொன்னது சரி. அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் லாக் பங்கு வைத்திருந்தார். வட அமெரிக்காவின் கரோலினா குடியேற்றத்துக்காக 1669-இல் எழுதிய சட்ட வரைவிலும் அவர் கை இருந்தது. கறுப்பின அடிமையின் மேல் எஜமானனுக்கு முழு அதிகாரம் உண்டு என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் அதை வைத்து எல்லாமே ஏமாற்று என்று முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியாது. அதற்குக் காரணம் ஹைட்டி.

அப்போது அதற்கு சான் டொமிங் என்று பெயர், கரீபியன் தீவுகளில் பிரான்ஸின் குடியேற்ற நாடு. ஐரோப்பா குடித்த காபியில் பாதிக்கு மேலும், சர்க்கரையில் ஐந்தில் இரண்டு பங்கும் அங்கிருந்து போனது. அடிமைகள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். வெள்ளையர்கள் முப்பது நாற்பதாயிரத்துக்குள்தான், கலப்பினத்தவரும் விடுதலை பெற்ற கறுப்பர்களும் கிட்டத்தட்ட அதே அளவு. 1789-இல் பாரிஸை அடுத்த வெர்சாயில் தேசிய சபை கூடியபோது அங்கிருந்து வந்த தோட்ட முதலாளிகள், எங்கள் தீவின் மக்கள்தொகை பெரியது, அதற்கேற்ற இடங்கள் வேண்டும் என்று கேட்டார்கள், அதாவது அடிமைகளையும் கணக்கில் சேர்த்து. சபை உறுப்பினர் மிராபோ எழுந்து, அவர்கள் மனிதர்கள் என்றால் ஓட்டுரிமை கொடுங்கள், இல்லையென்றால் நாங்களும் எங்கள் ஊர்க் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் எண்ணிக்கொண்டு வருகிறோம் என்கிற பொருளில் கேட்டார். கடைசியில் 6 இடங்கள் கிடைத்தன. ஆனால் அடிமைமுறை அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 26-ஆம் தேதி மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. அதன் முதல் பிரிவு, மனிதர்கள் உரிமைகளில் சமமானவர்களாகவும் சுதந்திரமாகவும் பிறக்கிறார்கள், அப்படியே இருக்கிறார்கள் என்கிறது. கடைசியான 17-ஆம் பிரிவு, சொத்துரிமை புனிதமானது, மீற முடியாதது என்கிறது. அடிமை மனிதனா, சொத்தா? இந்த ஒரு கேள்வியில் முதல் பிரிவும் பதினேழாம் பிரிவும் மோதிக்கொள்கின்றன, தோட்ட முதலாளிகள் பதினேழைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் நடந்தவை எல்லாமே இந்த இரண்டு பிரிவுகளுக்கு இடையிலான சண்டைதான் என்று நான் நினைக்கிறேன்.

அடிமைகளுக்கு இருக்கட்டும், கலப்பினத்தவருக்குக்கூட அந்தச் சமத்துவம் உடனே கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவரான வின்சென்ட் ஓஜே பாரிஸில் மன்றாடிப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பி ஆயுதம் எடுத்தார். 1791 பிப்ரவரியில் அவரைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை உடைத்துக் கொன்றார்கள். மே மாதம், தாயும் தந்தையும் சுதந்திரமானவர்களாக இருந்தவர்களுக்கு மட்டும் உரிமை என்று தேசிய சபை ஓர் ஆணை போட்டது, செப்டம்பரில் அதையும் திரும்ப வாங்கிக்கொண்டது.

அதற்குள் ஆகஸ்ட் 22 இரவு அடிமைகள் எழுந்துவிட்டார்கள், வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்கள் எரிந்தன. அந்தச் சண்டையில் பிடிபட்டுக் கொல்லப்பட்ட ஒருவரைப் பற்றி ஒரு வெள்ளையர் எழுதி வைத்திருக்கிறார். கொல்லப்பட்டவரின் சட்டைப்பையில் பிரான்ஸில் அச்சான மனித உரிமைத் துண்டுப் பிரசுரங்கள் இருந்தன, கூடவே தீப்பற்ற வைக்கும் பொருள்கள், மார்பில் ரோமமும் மூலிகையும் எலும்புத் துண்டுகளும் கட்டிய ஒரு சிறு தாயத்துப் பை. வகுப்பில் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள். நம் பாடங்கள் அந்தத் துண்டுப் பிரசுரத்தை மட்டும் பார்க்கின்றன. அந்த அடிமைகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள், காங்கோ போர்களில் சண்டை போட்டவர்களும் அவர்களில் உண்டு, சுதந்திரம் என்றால் என்ன என்று அவர்களுக்கு ரூசோ சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பாரிஸ் தன் வாயாலேயே சொன்ன வாக்கியத்தை அவர்கள் பாரிஸிடமே திருப்பிக் கேட்டார்கள், அதற்குத் துண்டுப் பிரசுரமும் வேண்டியிருந்தது.

1793 ஆகஸ்டில் பிரெஞ்சு ஆணையர் சோந்தனாக்ஸ் வடக்கு மாகாணத்தில் அடிமைமுறையை ஒழித்தார். ஸ்பெயின் தாக்கிக்கொண்டிருந்தது, பிரிட்டனும் போரில் இறங்கியிருந்தது, கறுப்பர்களின் படை இல்லாமல் தீவைக் காப்பாற்ற முடியாது என்ற நெருக்கடி அவருக்கு. தீவிலிருந்து மூன்று பிரதிநிதிகள் பாரிஸ் போனார்கள், அவர்களில் ஒருவர், ஒருகாலத்தில் அடிமையாக இருந்த ழான் பாப்டிஸ்ட் பெல்லே. 1794 பிப்ரவரி 4-ஆம் தேதி சபை எல்லாக் குடியேற்ற நாடுகளிலும் அடிமைமுறையை ஒழித்தது. பிரகடனம் வந்து நாலரை வருடம் கழித்து! (சட்டம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகவும் இல்லை. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொண்டுபோன அடிமைகளும் இருந்த மொரீஷியஸில், 1796-இல் அதை அமல்படுத்த வந்த அதிகாரிகளைத் தோட்ட முதலாளிகள் துரத்திவிட்டார்கள்.)

சரி, அடிமையாக இருந்து கறுப்பர் படையின் தலைவரான தூசேன் லூவெர்தூரை மட்டும் மாசற்றவராகக் காட்டிவிடாதீர்கள். 1801-இல் அவர் கொண்டுவந்த அரசியல் சட்டம், இந்த மண்ணில் அடிமைகள் இருக்க முடியாது என்றது; அதே சட்டம் அவரை ஆயுள் முழுக்க ஆளுநராக்கியது. விடுதலையான உழவர்களை அவர் ராணுவக் கட்டுப்பாட்டில் மீண்டும் தோட்டங்களிலேயே நிறுத்தினார், அதை எதிர்த்த கலகத்துக்காகத் உடன்பிறந்தார் மகன் முறையில் தான் ஏற்றுக்கொண்டிருந்த மொயீஸையே சுட்டுக்கொல்ல வைத்தார். 1802-இல் நெப்போலியனின் படை அவரைப் பிடித்துக்கொண்டு போனது, மறு வருடம் பிரான்ஸின் குளிர்ந்த மலைக்கோட்டைச் சிறை ஒன்றில் இறந்தார். அதே 1802-இல் நெப்போலியன் இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தார், அந்தச் செய்தி வந்தபின் சான் டொமிங்கில் சமாதானத்துக்கு இடமே இல்லாமல் போனது. தூசேனின் தளபதியாக இருந்த தெஸ்ஸாலீன் தலைமையில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி 1-ஆம் தேதி ஹைட்டி விடுதலையை அறிவித்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: எழுதியவர்கள் எல்லா மனிதர்களும் என்று எழுதினார்கள், அந்த 'எல்லா'வில் அடிமைகளைச் சேர்த்தது அடிமைகளே. உங்கள் பாடத்திலும் சரி, சக ஆசிரியரின் வாதத்திலும் சரி, அந்த 5 லட்சம் பேர் இல்லை.

பதினேழாம் பிரிவு அதோடு விடவில்லை. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, எங்கள் முதலாளிகள் இழந்த சொத்துக்கு 15 கோடி ஃபிராங்க் கொடுத்தால்தான் உங்களை ஒரு நாடாக ஏற்போம் என்றது. பிற்பாடு 9 கோடியாகக் குறைத்தார்கள். முதல் தவணை கட்டவே ஹைட்டி பாரிஸ் வங்கிக்காரர்களிடம் 3 கோடி கடன் வாங்கியது, அதில் கைக்கு வந்தது 2 கோடி 40 லட்சம்.