பூரணம் வழியும் குக்கி – கடிதம்

வணக்கம்,

பாட்டி எழுதி வைத்த தாளில் திராட்சைப் பூரண குக்கிக்கு இவ்வளவுதான் இருக்கிறது: சர்க்கரை 1 கப், வெண்ணெய் அரை கப், முட்டை 1, புளித்த பால் அரை கப், சோடா அரை டீஸ்பூன், மைதா 'பிடிக்கும் அளவு', நல்ல சூட்டில் சுடவும். சாதாரணப் பால்தான் ஊற்றினேன். மாவு கையில் ஒட்டியதால் மைதாவைச் சேர்த்துக்கொண்டே போனேன். குக்கி கெட்டியாகிவிட்டது, லேசாக சோப்பு வாடை வேறு. பூரணமும் ஓரத்தில் வழிந்து கருகிவிட்டது. எங்கே தவறு?

ம.

அன்புள்ள ம.,

தாளில் தவறில்லை. அதை எழுதியவரின் கைக்குத் தெரிந்த அளவுகள்தான் விடுபட்டிருக்கின்றன.

முதலில் சோடா. புளித்த பாலின் அமிலம் இருந்தால்தான் அது வேலை செய்யும். சாதாரணப் பாலில் அப்படியே தங்கிவிடும். சோப்பு வாடை அதனால்தான். 120 மில்லி பாலில் அரை டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், திரிந்துவிடும். அதுவும் வேண்டாம் என்றால் சோடாவை விட்டுவிட்டு 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடுங்கள்.

அடுத்தது மைதா, உங்கள் குக்கியைக் கெடுத்தது இதுதான். 200 கிராம் சர்க்கரை, 115 கிராம் வெண்ணெய் என்ற இந்தக் கணக்குக்கு 420 கிராம் மைதா, அரை டீஸ்பூன் உப்பு போதும். பிசைந்ததும் மாவு ஒட்டத்தான் செய்யும், ஒட்டட்டும். அதற்கு மருந்து குளிர்ச்சி, மைதா அல்ல. இரண்டாகப் பிரித்துத் தட்டையாக்கி, மூடி, பிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வெண்ணெய் இறுகி, மைதா ஈரத்தை உறிஞ்சியதும் அதே மாவு தேய்க்க வரும். ஒரு பாதியைத் தேய்க்கும்போது மறுபாதி பிரிட்ஜிலேயே இருக்கட்டும். வெட்டிய மிச்சத்தைப் பிசையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே ஒரு முறை மறுபடி தேய்க்கலாம். அதற்கு மேல் போனால் இழுபட்டுக் கடினமாகும்.

பூரணத்தை முந்தின நாளே செய்துவிடுவது நல்லது. 200 கிராம் உலர்திராட்சையைப் பொடியாக நறுக்குங்கள். முழுசாகப் போட்டால் உப்பி மேல்மாவைக் கிழிக்கும். 75 கிராம் சர்க்கரையில் 1 டேபிள்ஸ்பூன் மைதாவைக் கலந்துகொண்டு (தனியாகப் போட்டால் கட்டி தட்டும்), திராட்சை, 150 மில்லி தண்ணீரோடு சிறு தீயில் கிளறுங்கள். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அது உடனே மூடாமல் இரண்டு மூன்று நொடி நிற்க வேண்டும். அதுதான் பதம். இறக்கிய பிறகே 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள்; அடுப்பில் இருக்கும்போதே விட்டால் புளிப்பு மைதாவின் பிடிப்பைத் தளர்த்திவிடும். முழுக்க ஆறட்டும். சூடான பூரணம் வெண்ணெயை உருக்கி ஓரத்தைத் திறந்துவிடும்.

மாவை 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 6.5 சென்டிமீட்டர் வட்டங்களாக வெட்டுங்கள். நடுவில் ஒரு டீஸ்பூன் பூரணம், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஓரத்தில் ஒரு துளி பூரணம் பட்டாலும் அந்த இடம் ஒட்டாது, வழிவது அங்கேதான். விரலால் தண்ணீர் தடவி, மேல் வட்டத்தை வைத்து, நடுவிலிருந்து காற்றை வெளியே தள்ளி, மைதாவில் தொட்ட முள்கரண்டியால் சுற்றி அழுத்துங்கள். மேலே ஒரு சிறு துளை கட்டாயம். ஆவிக்கு வழி இல்லையென்றால் அது ஓரத்தைப் பிளக்கும்.

'நல்ல சூடு' என்பதை 190 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 முதல் 12 நிமிடம். மேல்புறம் வெளிறியே இருக்கும். அடிப்பக்கம் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். மேலும் சிவக்கக் காத்திருந்தால் உலர்ந்துவிடும். முப்பதுக்கு மேல் வரும்.

முழுத் தட்டையும் ஏற்றுமுன் மூன்றை மட்டும் சுட்டுப் பாருங்கள். பரந்து ஓடினால் மீதியை இன்னும் அரை மணி குளிர வையுங்கள். வழிந்தால் பூரணத்தை மறுபடி அடுப்பில் ஏற்றிச் சுண்ட வைத்து, ஆறவிட்டுத் தொடருங்கள்.